போடப் போடச் சரியாகிவிடும்

சேலம், நாமக்கல் சீமையின் ஆண்மக்களை எத்தனை புகழ்ந்தாலும் தகும். சட்டை தைக்கக் கொடுத்தால், கழுத்து, தோள், மார்பு, கை என்று டெய்லர் டேப் பிடித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். மெத்தை வாங்கினால் நீளம், அகலம், கனம் மூன்றையும் கேட்டு, கனத்துக்கு மட்டும் அரை மணி நேரம் பேரம் பேசுவார்கள். லாரிக்கு பாடி கட்டக் கொடுத்தால் சொல்லவே வேண்டாம். நாமக்கல் பட்டறையில் ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவர்கள் ஷூ கடைக்குள் நுழைந்ததும் ஒரே ஒரு சொல்தான் சொல்கிறார்கள்: "எட்டு."

அவ்வளவுதான். பாதத்துக்கு அகலம் உண்டா, புறங்கால் மேடு எவ்வளவு உயரம், இடது காலும் வலது காலும் ஒரே அளவா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவமானம். ப்ளஸ் டூ படிக்கும்போது எட்டு. மகளுக்குக் கல்யாணம் செய்யும்போதும் எட்டு. இடையில் உடம்பில் இருபது கிலோ ஏறியிருக்கும், அந்த எடையைச் சுமந்து சுமந்து பாதம் தட்டையாகி அகன்றிருக்கும். கொண்ட கொள்கை மாறாது. தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறும் நாட்டில் இப்படி ஓர் உறுதியைப் போற்றாமல் இருக்க முடியுமா?

அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காத பெருந்தன்மை அதைவிடப் பெரிது. பெட்டியின் பக்கவாட்டில் யு.கே. என்று அச்சடித்திருக்கும். ஆங்கிலேயர்கள் ஒரு காலத்தில் வாற்கோதுமை மணியை அளவாக வைத்திருந்தார்கள். மூன்று மணி சேர்ந்தால் ஓர் அங்குலம். ஒரு மணி ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். ஏழாம் நம்பர் ஷூவுக்கும் எட்டாம் நம்பருக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு மணிதான். 1947-இல் ஆங்கிலேயர் போனார்கள். பிறகு ராத்தலும் மைலும் போய் கிலோவும் கிலோமீட்டரும் வந்தன. வாற்கோதுமை மட்டும் நம் காலடியில் தங்கிவிட்டது. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி விளைகிறது, ராசிபுரம் பக்கம் சோளமும் கடலையும் விளைகின்றன. நம் காட்டில் விளையாத ஒரு தானியத்தால் நம் காலை அளந்துகொள்கிறோமே, விருந்தோம்பல் என்றால் இதுவல்லவா?

இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த எட்டு உங்கள் பாதத்தின் அளவே கிடையாது. ஷூ தைக்கும்போது உள்ளே வைக்கிறார்களே ஓர் அச்சு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் 'லாஸ்ட்' என்று சொல்வார்களே, அதன் நீளம். கம்பெனிக்குக் கம்பெனி அச்சு வேறு. அதனால் ஒருவரின் எட்டு இன்னொருவரின் ஏழரையாகவும் இருக்கும், எட்டரையாகவும் இருக்கும். எங்கோ ஒரு தொழிற்சாலையில் இருக்கும் கட்டையின் எண்ணைத் தன் பாதத்தின் எண்ணாக ஏற்றுக்கொண்டு நாற்பது வருடம் அதற்கு விசுவாசமாக இருப்பது சாதாரண மனிதர்களால் ஆகாது.

இந்த விசுவாசத்துக்குச் சீனத்தில் ஒரு முன்னோடி இருந்தார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஹான் ஃபெய் என்ற அறிஞர் எழுதிவைத்த கதை அது. செங் நாட்டில் ஒருவர் காலணி வாங்க நினைத்து வீட்டில் தன் பாதத்தை அளந்து வைத்தார். சந்தைக்குப் போன பிறகுதான் அளவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. எடுத்து வர ஓடினார். திரும்பி வருவதற்குள் சந்தை கலைந்துவிட்டது. "காலையே விட்டுப் பார்த்திருக்கலாமே?" என்று ஒருவர் கேட்டதற்கு, "அளவை நம்புவேன், என் காலை நம்ப மாட்டேன்" என்றாராம். அவரை முட்டாள் என்று இருபது நூற்றாண்டுக்கு மேலாகச் சிரிக்கிறார்கள். பாவம், அவர் கற்றுக்குட்டி. குறைந்தபட்சம் தன் சொந்தக் காலையாவது அளந்தாரே! நம்மவருக்கு அந்தப் பலவீனமும் கிடையாது.

இவ்வளவு ஒற்றுமையாகப் போய்க்கொண்டிருந்த விஷயத்தில் குழப்பம் விளைவிக்கச் சென்னை அடையாற்றில் ஒரு நிறுவனம் கிளம்பியது. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தார்கள். நீளத்தோடு விட்டார்களா? அகலம், சுற்றளவு, வளைவு என்று எல்லாவற்றையும் குறித்தார்கள். முடிவில், இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானது என்றார்கள். நமக்கென்று ஓர் அளவுமுறை வேண்டும் என்று பரிந்துரைத்து, பாரத் என்பதன் முதல் எழுத்தால் 'பா' என்று பெயரும் வைத்தார்கள்.

நம்மவர் அசரவில்லை. பாதம் அகலம் என்பதைத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பிறக்கும் முன்பே அவர் அறிவார். அதற்கு மருந்தும் வைத்திருக்கிறார். அகலம் பிடித்தால் ஒரு நம்பர் நீளத்தைக் கூட்டிக்கொள்வது. எட்டு இறுக்கினால் ஒன்பது. இப்போது முன்னால் காலியாகக் கிடக்கிறது, விரல் தனிக்குடித்தனம் போகலாம். பின்னால் குதிகால் ஒவ்வொரு அடிக்கும் மேலே எழும்பி இறங்கித் தோலை உரிக்கிறது. ஷூ மடங்க வேண்டிய இடம் வேறு, கால் மடங்கும் இடம் வேறு. பக்கவாட்டில் பிடித்த பிடி அப்படியே இருக்கிறது. ஒரு குறையைத் தீர்க்காமலே மூன்று புதிய குறைகளை விலை கொடுத்து வாங்கிவரும் வித்தையை எந்தப் பல்கலைக்கழகம் கற்றுக்கொடுக்கும்?

இவர்களுள்ளும் தலைசிறந்தவர் நடுத்தரக் கால்காரர். ஒல்லிக் கால்காரருக்குத் தன் கால் ஒல்லி என்று தெரியும். பலாப்பலகைபோல் பாதம் உள்ளவருக்கு எந்த ஷூவும் நுழையவே நுழையாது என்பதால் அவரும் நாலு கடை ஏறித் தேடுவார், இல்லையென்றால் தைத்துக்கொள்வார். நடுத்தரக் கால்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. எல்லா ஷூவுக்குள்ளும் அவர் கால் ஏறத்தாழப் போகும். அந்த ஏறத்தாழதான் அவர் பெற்ற பேறு. "நமக்கு நார்மல் காலுங்க, எது போட்டாலும் செட் ஆயிரும்" என்று பெருமையாகச் சொல்வார். லட்சம் பேரின் காலைக் கூட்டி வகுத்தால் வருவது சராசரிக் கால். அது காகிதத்தில் இருக்கும், யார் உடம்பிலும் ஒட்டியிருக்காது. நம்மவர் அந்தக் காகிதக் காலைத் தன்னுடையது என்று நம்பி, தன் சுண்டுவிரலை அதற்குத் தத்தம் செய்கிறார்.

கடைக்குள் நடக்கும் சடங்கைச் சற்று அருகில் இருந்து பார்க்க வேண்டும். சேலத்துச் சின்னக்கடை வீதியோ ஐந்து ரோடோ, நேரம் காலை பதினொரு மணி. கால் இன்னும் வீங்காத நல்ல முகூர்த்தம். வந்தவர் செருப்போடு வந்திருக்கிறார், சாக்ஸ் கொண்டுவரவில்லை. கடையில் ஊர் முழுக்க மாட்டிக் கழற்றிய மெல்லிய சாக்ஸ் ஒன்று தருகிறார்கள், அதுவும் ஒற்றைக் காலுக்கு. உட்கார்ந்தபடியே வலது காலை மட்டும் நீட்டுகிறார். ஷூ ஹார்னை வைத்துக் கடைப் பையன் குதிகாலை உள்ளே தள்ளுகிறான். கயிற்றைக் கட்டும்போது இரண்டு பக்கத்துத் தோலும் ஒன்றையொன்று பார்க்கவே முடியாமல் நாலு விரல் தள்ளி நிற்கின்றன. புறங்கால் மேடு உயரம், இந்த ஷூவுக்குள் அதற்கு இடமில்லை என்பதைத் தோல் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சிலருக்கு நேர் எதிர்: கயிறு இழுத்ததும் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், உள்ளே கால் குளத்து மீன்போல நீந்தும். இரண்டு சேதியையும் படிக்க ஆளில்லை. பையன் நுனியில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்க்கிறான்.

"விரலு முட்டுதுங்களாண்ணா?"

"கொஞ்சம் முட்டுது தம்பி. பக்கமும் பிடிக்குது."

"புதுசுல அப்படித்தாங்ணா இருக்கும். போடப் போடச் சரியாயிருங்ணா."

இந்த மந்திரம் காதில் விழுந்த மறுநொடியே வலி பாதியாகிவிடும். பில் போட்டதும் மீதியும் போய்விடும். எழுந்து நின்று உடம்பின் பாரத்தைக் காலில் இறக்கிப் பார்ப்பது, இடது காலையும் மாட்டுவது, பத்து அடி நடப்பது எல்லாம் சந்தேகப் பிராணிகளின் வேலை. நம்மவர் செய்யும் ஒரே சோதனை, தரையில் சாய்த்து வைத்த குட்டைக் கண்ணாடியில் ஷூவின் பளபளப்பைப் பார்ப்பது. கண்ணாடியில் வலி தெரியாது.

அந்த மந்திரத்தில் உண்மையே இல்லை என்று சொன்னால் பாவம் வரும். அசல் தோல், அகலவாக்கில் கொஞ்சம் இளகும். நீளவாக்கில் இளகவே இளகாது. இன்று கடையில் பாதிக்கு மேல் தோல் மாதிரி இருக்கும் ரெக்சினும் பி.யு.வும்தான்; அவை இளகுவதற்கு முன் வெடிக்கும். ஆனாலும் மந்திரத்துக்குப் பொருள் வேற்றுமை கிடையாது. கட் ஷூவுக்கும் அதே, கேன்வாஸுக்கும் அதே, பட்டறைகளில் மாட்டும் சேஃப்டி ஷூவுக்கும் அதே. சேஃப்டி ஷூவின் மூக்கில் எஃகுக் கிண்ணம் இருக்கிறது. 20 கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடியைத் தாங்க வேண்டும் என்பது அதற்கான கணக்கு. அவ்வளவு பெரிய அடிக்கு அசையாத எஃகு, ஷிப்ட் முடிவதற்குள் ஒரு தொழிலாளியின் சுண்டுவிரலுக்கு இரங்கி வழிவிடும் என்று மேஸ்திரி நம்புகிறார். "போடப் போடச் சரியாயிரும்" என்கிறார். நம்பிக்கைதானே வாழ்க்கை!

மாப்பிள்ளைகளின் தியாகம் தனி அத்தியாயம். முகூர்த்தத்தில் வேட்டி கட்டி வெறுங்காலோடு மணையில் உட்கார்ந்தவர் முகத்தில் பயமாவது தெரியும். முதல் நாள் மாலை வரவேற்பில் கோட்டு சூட்டுக்குக் கீழே கூர்மூக்கு ஷூ மாட்டி மூன்று மணி நேரம் நின்றாரே, அப்போது முகத்தில் தெரிந்த சிரிப்பைக் கவனித்திருக்கிறீர்களா? மொய்க் கவரோடு வரிசையில் வரும் ஒவ்வொரு மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அதே சிரிப்பு. ஐந்து விரலும் ஒரு விரல் இடத்தில் அடைபட்டிருக்கும்போது பற்கள் தாமாகத் தெரியும். போட்டோகிராபர் "சார், ஸ்மைல்" என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த ஷூக்கள் பிறகு என்ன ஆகின்றன என்று கேட்பவர்கள் பழந்தமிழ் படித்திருந்தால் கேட்க மாட்டார்கள். தகடூர், அதாவது நம் பக்கத்துத் தருமபுரி, அதியமானின் ஊர். அவனுக்காகத் தூது போன ஔவையார் தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்து மெச்சினார்: உங்கள் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூடி, காவல் மாளிகையில் எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனின் வேலோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. இன்று ஔவையார் சேலத்து வீடு ஒன்றுக்குள் நுழைந்தால் அதே பாட்டைக் கொஞ்சம் மாற்றினால் போதும். மூவாயிரம் ரூபாய் ஷூ வெண்ணெய்த்தாள் சுற்றி, சிலிக்கா பொட்டலத்தோடு, பெட்டிக்குள் மினுமினுவென்று இருக்கிறது. இருநூறு ரூபாய்ச் செருப்போ வார் அறுந்து, தைத்து, மறுபடி அறுந்து, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்பு தைக்கிறவர் முன்னால் கிடக்கிறது. தொண்டைமானின் வாரிசுகள் நாம். நம் படைக்கலத்தில் ஒரு கீறல் கிடையாது.

பனிமலை நாட்டுக்காரர்களைப் பார்த்தால்தான் நம் அருமை புரியும். அங்கே சறுக்குப் பலகையோடு மாட்டும் பூட்ஸ் வாங்குவதற்கு ஆண்கள் படும் பாடு சொல்லி மாளாது. வெளியே கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு, உள்ளே மெத்தை. முதலில் மெத்தையை உருவிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விடுகிறார்கள். விரல் நுனி முன்னால் தொட்டதும், குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை, இரண்டு விரற்கடை இடம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்கிறார்கள். நம்பர் என்று எழுதியிருப்பது பாதத்தின் நீளம்தான், சென்டிமீட்டரில்: 26.5, 27.5. நீளம் போதாதென்று பாதத்தின் கன அளவையும் சிறிது, நடுத்தரம், பெரிது என்று பிரித்திருக்கிறார்கள். நடுத்தரக் காலுக்கு முன்பாதத்தில் 100 மில்லிமீட்டரை ஒட்டிய அகலம். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி லேசாக உரச வேண்டும், முழங்காலை மடக்கினால் பின்வாங்க வேண்டும், குதிகால் எழும்பவே கூடாது. எங்காவது எலும்பு இடித்தால் அந்த இடத்தைக் குறித்து, பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, வெளியே தள்ளிக்கொடுக்கிறார்கள். புது மெத்தை நாளடைவில் அமுங்கும். அந்த அமுக்கம் எவ்வளவு என்பதற்கும் முன்கூட்டியே கணக்கு வைத்திருக்கிறார்கள்.

காலுக்காக ஷூவை வளைக்கிறார்கள்! ஒரு சறுக்கு, ஒரு தடுமாற்றம், முழங்கால் போய்விடும் என்ற உயிர்ப்பயம்தான் காரணம். நமக்கென்ன பயம்? ஏற்காட்டில் மூடுபனிதான், சறுக்குவதற்குப் பனி கிடையாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் மிதித்து இறங்குகிற டிரைவர், எதற்கு வம்பு என்று ஷூவைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டுவிடுகிறார்.

கொல்லிமலை என்றதும் ஒருவரைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டதனம். 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற டாக்டர் சிறுவயதை அந்த மலையில்தான் கழித்தார். மிஷனரிகளின் பிள்ளை. மலையில் வெறுங்காலோடு ஓடி விளையாடி வளர்ந்து, இங்கிலாந்தில் படித்து, 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். நோயே சதையைத் தின்கிறது என்று ஊரே நம்பிய காலம். உணர்ச்சி நரம்பு செத்துப்போவதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்து புண்ணாகிறது. புண்ணின் மேலேயே நடக்கிறார்கள் என்று அவர் காட்டினார். இறுக்கிப் பிடித்த ஒரு ஷூ போதும், ஒரு நாள் போதும். வலிக்கிறவன் ஷூவைக் கழற்றிவிடுவான், வலிக்காதவனுக்குத் தெரியாது. அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்புகளை அவரும் அவரோடு உழைத்தவர்களும் அந்தப் பாதங்களுக்குப் பொருத்தினார்கள். இன்று சர்க்கரைக்காரர்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிறாரே எம்.சி.ஆர். செருப்பு, அது அந்த ரப்பர்தான். பிறகு அமெரிக்கா போய்ச் சர்க்கரைக்காரர்களின் கால்களுக்கும் இதே பாடத்தைச் சொன்னார். வலி என்பது யாரும் வேண்டாத வரம் என்று புத்தகமே எழுதினார்.

வலி உணரும் காலுக்காக ஏங்கும் நோயாளிகள் நடுவே அந்த மனிதர் ஒரு வாழ்நாளைச் செலவழித்தார். நரம்பு நன்றாக இருக்கும் நம் சமவெளி ஆண்மகனோ, கால் வலிக்கிறது என்று சொன்னால் "சும்மா இரு, போடப் போடச் சரியாகும்" என்று அதன் வாயை அடைக்கிறார். சரியாகியும் விடுகிறது. சுண்டுவிரலில் காலாணி வளர்ந்து இடத்தை நிரப்புகிறது. பெருவிரல் பக்கம் சாய்ந்து வழிவிடுகிறது. நகம் சதைக்குள் திரும்புகிறது. குதிகாலில் தோல் காய்த்துப்போகிறது. ஷூ வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்க, கால்தான் படிந்து, பணிந்து, சரியாகிவிடுகிறது. கடைப் பையன் பொய் சொல்லவில்லை.

ஆகவே இந்தப் பெருமை குலையாமல் காக்க விரும்புகிறவர்கள் சில காரியங்களைத் தவிர்க்க வேண்டும். கால் வீங்கியிருக்கும் மாலை வேளையில் கடைக்குப் போகாதீர்கள். தினமும் போடும் சாக்ஸைக் கொண்டுபோகாதீர்கள். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நிற்கவே நிற்காதீர்கள்; பாதம் இரண்டு பக்கமும் வெளியே வழிந்தால் மனம் புண்படும். இரண்டு காலையும் மாட்டி நிற்காதீர்கள், பெரிய காலுக்குத் தக்கபடி வாங்காதீர்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா, குதிகால் வழுக்குகிறதா என்றெல்லாம் ஆராயாதீர்கள். ஐந்து ஜோடி எடுத்துப் போட்டு, எதுவும் வாங்காமல் எழுந்து வருகிற துணிச்சல் மட்டும் உங்களுக்கு வந்துவிடவே கூடாது.

சர்க்கரை உள்ளவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கால் இறுக்கத்தைச் சொல்லாமல் போகலாம். ஷூவைப் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கு உட்பட, வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்திருந்தாலோ கொப்புளம் இருந்தாலோ, அந்த ஷூவை மறுநாள் போடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.